ஒழுகாமலே தண்ணீர் குடித்த கார்: வேலணைக் கொறோலா ஒன்றின் வோட்டர் பம்ப்

வண்டி ரொயோட்டா கொறோலா 121. 2004ஆம் ஆண்டுத் தயாரிப்பு, ஒன்றரை லீற்றர் 1என்இசட் எஞ்சின், ஓட்டோ கியர். சொந்தக்காரர் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள வேலணையில் இருக்கும் ஓய்வுபெற்ற இரசாயன மாஸ்ரர். முறைப்பாட்டை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

“தம்பி, கார் தண்ணி குடிக்குது. ஆனா நிப்பாட்டுற இடத்திலை ஒரு சொட்டும் இல்லை. தண்ணி எங்கை போகுதெண்டுதான் விளங்கேல்லை.”

எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் வோட்டர் பம்ப் பழுதாவது கராஜ்காரருக்குப் புதினமான விசயமில்லை. கீழே ஒழுகும், சத்தம் போடும், மாற்றுவோம், அவ்வளவுதான். இந்தக் கார் அந்த வழக்கப்படி நடக்கவில்லை. ஏற்கெனவே வேறொரு இடத்தில் பார்த்திருந்தார்கள். றேடியேற்றர் மூடியை மாற்றினார்கள். பிறகு “எங்கடை வெக்கைக்கு இது என்னத்துக்கு” என்று, எஞ்சின் சூடானதும் றேடியேற்றர் வழியைத் திறக்கும் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். தண்ணீர் குறைவது நிற்கவில்லை. ஹெட் கஸ்கெற் (எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள புளொக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்க வேண்டும் என்று சொன்னபோதுதான் மாஸ்ரர் பயந்து காரை எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார். பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஹெட்டை இறக்கினால் செலவு எங்கே போய் நிற்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

முதலில் கேள்விகள். எப்போதிருந்து குறைகிறது, எப்போது சூடு ஏறுகிறது, என்ன ஊற்றுகிறீர்கள். பொன்னற்றைத் திறக்க முன்னர் இந்த மூன்றையும் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

குறையத் தொடங்கியது எப்போதென்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ற் வாங்குவதை நிறுத்தியது 2022இல் என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. பெற்றோலுக்கே வரிசையில் நின்ற காலம், கடையில் இருந்த சாமான்களின் விலை வாரத்துக்கு வாரம் ஏறிய காலம். அன்றிலிருந்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். சூடு ஏறுவது ஊருக்குள் இல்லை. ஆஸ்பத்திரி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் நெரிசலில் நின்று நின்று போனாலும் வெப்பம் காட்டும் முள் நடுவில்தான் நிற்கும். ஏ9 நெடுஞ்சாலையில் ஏசியைப் போட்டுக்கொண்டு எழுபதில் போகும்போது கொடிகாமம் தாண்டினால் முள் மெல்ல அசையத் தொடங்கும். கடைசியாக ஆனையிறவில் சிவப்புக்குக் கிட்டப் போய்விட்டது. இரண்டு பக்கமும் பரவைக்கடல், ஒரு மரநிழல் கிடையாது. எஞ்சின் ஆறும் வரை வெயிலில் நின்று, பிறகு போத்தல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

இந்த விபரம் பெறுமதியானது. நெரிசலில் நிற்கும்போது சூடு ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் முதலில் விசிறியைச் சந்தேகிக்க வேண்டும். விசிறி மோட்டரோ, ரிலேயோ, அதற்குச் சொல்லும் சென்சரோ. ஓட ஓட, பாரம் கூடக் கூட ஏறினால் விசிறியில் பிழையில்லை, ஓடும் காற்றே போதும். பிழை தண்ணீர் சுற்றுவதில் இருக்கும். ஒன்று தண்ணீர் போதாது, அல்லது பம்ப் தள்ளவில்லை, அல்லது றேடியேற்றர் அடைத்திருக்கிறது. மாஸ்ரரின் கார் தெளிவாக ஓட ஓடச் சூடேறும் வகை.

முள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் காலத்துக் கார்களில் முள் உண்மையான வெப்பத்தை அப்படியே காட்டுவதில்லை. ஏறக்குறைய 75 பாகையிலிருந்து 100 பாகையைத் தாண்டும் வரை அது நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள், ஓட்டுபவர் வீணாகப் பதறக் கூடாதென்று. ஆகவே முள் நடுவைத் தாண்டி அசைந்துவிட்டால் விசயம் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று அர்த்தம். விற்ஸ் போன்ற பல கார்களில் முள்ளே கிடையாது, குளிரில் நீல லைற், கொதித்தால் சிவப்பு லைற். காரின் கணினித் தகவலைத் தரும் ஓபிடி சொக்கற்றில் செருகும் சின்ன அடப்ரர் ஒன்றை வாங்கிக் கைபேசியில் வெப்பத்தைப் பார்ப்பதுதான் நல்லது. மாஸ்ரரின் காரில் அதைச் செருகிச் செம்மணிப் பக்கம் ஓடிப் பார்த்தோம். ஏசியோடு எழுபதில் 106 வரை போனது. முள் அப்போதும் நடுவில்தான் நின்றது.

அடுத்த நாள் காலை, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்தோம். உள்ளே இருந்தது கூலன்ற் இல்லை. சாயம் போன பிளேன்ரீ நிறத்தில் கிணற்றுத் தண்ணீர். மூடியின் அடிப்பக்கத்திலும் றேடியேற்றர் கழுத்திலும் வெள்ளைப் படிவு, நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது.

பிறகு வலப்பக்கம், பெல்ற் ஓடும் பக்கம். அங்கேதான் விடை எழுதிக் கிடந்தது. பம்ப் புல்லியின் நேர்மட்டத்தில், மட்காட்டின் உட்பக்கத் தகட்டில் வெள்ளைப் புள்ளிகள், ஒன்றன் பின் ஒன்றாக வளைந்த கோடாக. அதே கோடு பொன்னற்றின் அடியிலும் தொடர்ந்தது. தூசி என்று துடைத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் தூசி கோடு போடாது. சுழலும் ஏதோ ஒன்று தண்ணீரை வீசியிருக்கிறது, தண்ணீர் சூட்டில் காய்ந்து உப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. நிலத்தில் ஏன் சொட்டில்லை என்பதற்கும் இதுவே பதில். ஓடும்போதுதான் வீசுகிறது, வீசியதும் காய்ந்துவிடுகிறது. நிற்கும்போது கசிவது மிகக் குறைவு.

கண்ணால் கண்டது போதாது, நிரூபிக்க வேண்டும். ஏனென்றால் பம்ப் வாங்கிப் போட்ட பிறகும் தண்ணீர் குறைந்தால், அந்த ஹெட் கஸ்கெற் கதை திரும்ப வரும். ஆகவே முதலில் அதைத்தான் தீர்த்தோம். நீல நிறத் திரவம் உள்ள சிறு சோதனைக் குழாயை றேடியேற்றர் வாயில் வைத்து, எஞ்சினை ஓட விட்டு, உள்ளே எழும் காற்றை அதனூடாக இழுப்பது. எரிந்த வாயு தண்ணீருக்குள் கலந்தால் அதிலுள்ள காபனீரொட்சைட்டு நீலத்தை மஞ்சளாக்கிவிடும். நீலம் நீலமாகவே இருந்தது. ஒயில் மூடியிலும் டிப்ஸ்ரிக்கிலும் பால்போன்ற கலங்கல் இல்லை. ஹெட்டை இறக்கத் தேவையில்லை என்றதும் மாஸ்ரரின் முகத்தில் இரத்தம் திரும்பியது.

அடுத்தது அழுத்தச் சோதனை. ஆறிய எஞ்சினில், றேடியேற்றர் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்ப் ஒன்றைப் பூட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவு வரை காற்றழுத்தம் ஏற்றுவோம். அதற்கு மேல் போகக் கூடாது, பழைய றேடியேற்றரின் பிளாஸ்ரிக் தொட்டி வெடித்துவிடும். கைப்பம்பின் அழுத்த முள் மெதுவாக இறங்கியது. ஹோஸ்கள் காய்ந்தே இருந்தன. ஹீற்றர் பக்கமும் கம்பளம் காய்ந்தே இருந்தது. சின்னக் கண்ணாடியும் கைபேசி வெளிச்சமுமாகப் புல்லியின் பின்னால் பார்த்துக்கொண்டே இருக்க, கொஞ்ச நேரத்தில் பம்பின் தண்டைச் சுற்றி ஒரு முத்து உருண்டு வந்தது.

எங்களைக் குழப்பியது அந்த முத்து வந்த இடம். வோட்டர் பம்புக்குள் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. உள்ளே தண்ணீரைத் தள்ளும் இறக்கை, வெளியே தண்டைத் தாங்கும் பெயரிங். இரண்டுக்கும் நடுவில் சீல். ஒரு கார்பன் வளையமும் ஒரு செராமிக் வளையமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே தண்ணீரைத் தடுக்கும். எந்தச் சீலும் நூற்றுக்கு நூறு தடுக்காது. ஆகவே சீலுக்கும் பெயரிங்குக்கும் இடையில் கீழ்நோக்கி ஒரு சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். கசிகிற தண்ணீர் பெயரிங்குக்குள் போகாமல் அந்த ஓட்டையால் வெளியே சொட்டட்டும் என்பதற்காக. ஓட்டையைச் சுற்றி இலேசான கறை இருந்தால் பயமில்லை. அங்கிருந்து கீழே நீண்ட வழித்தடம் இருந்தால் சீல் முடிந்தது. பம்பின் உடல்நிலையைப் பார்க்க எவரும் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான். முன்னைய கராஜிலும் பார்த்திருப்பார்கள். அது காய்ந்து கிடந்ததால் பம்ப் சரி என்று முடிவெடுத்திருப்பார்கள்.

எங்கள் கண்ணாடியிலும் ஓட்டை காய்ந்துதான் கிடந்தது. தண்ணீர் வந்ததோ தண்டு வழியாக, பெயரிங்கை ஊடறுத்து.

சத்தத்தையும் பார்த்தோம். நீண்ட ஸ்குரூ ட்ரைவரின் பிடியைக் காதில் வைத்து நுனியை அல்ரனேற்றரில் ஊன்றினால் இரைச்சல் ஒரே சீராக இருந்தது, பம்பில் ஊன்றினால் மணல் அரைபடுவது கேட்டது. பெல்ற்றைக் கழற்றிச் சில விநாடிகள் மட்டும் ஓட விட்டோம். பம்ப் சுற்றாத எஞ்சினை நீண்ட நேரம் ஓட விடக் கூடாது. சத்தம் அடியோடு நின்றது. பிறகு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். பம்ப் புல்லி அசைந்தது. நல்ல பம்பில் கைக்குத் தெரியும்படி எந்த அசைவும் இருக்கக் கூடாது, கொஞ்சம் இருக்கலாம் என்ற பேச்சே இல்லை. இன்னும் கொஞ்சக் காலம் போயிருந்தால் பெயரிங் இறுகிப் பெல்ற் அறுந்திருக்கும், பற்றரி லைற்றும் சூடும் ஒன்றாக வந்திருக்கும்.

இடையில் ஹீற்றரையும் முழுச் சூட்டில் போட்டுப் பார்த்தோம். யாழ்ப்பாணத்தில் ஹீற்றர் யாருக்கு வேணும் என்று அதன் ஹோஸ்களைக் கழற்றி அடைத்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், செய்யாதேயுங்கோ. சோதனைக்கு அது ஒரு நல்ல சாமான். தண்ணீர் நிறைந்திருந்தும் எஞ்சின் சும்மா ஓடும்போது காற்று வெதுவெதுப்பாகவும், வேகம் கூட்டினால் மட்டும் சூடாகவும் வந்தது. பம்ப் தள்ளும் வலு குறைந்திருப்பதன் அடையாளம் அது.

கழற்றும் வேலையை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 1என்இசட் எஞ்சினில் இது கஷ்டமான வேலை இல்லை. ரைமிங் செயின் எஞ்சின் என்பதால் பம்ப் வெளிப்பக்கப் பெல்ற்றில் ஓடுகிறது, செயினைத் தொட வேண்டியதில்லை. ரைமிங் பெல்ற்றே பம்பையும் சுற்றும் எஞ்சின்களில் கதை வேறு. அங்கே பெல்ற் மாற்றும்போது பம்பையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் புத்தி, கூலி ஒருதரம்தான். இங்கே கவனிக்க வேண்டியது இரண்டொன்று. புல்லியின் போல்ட்களைப் பெல்ற் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும், பெல்ற்றைக் கழற்றிய பிறகு புல்லி கையோடு சுற்றும். அல்ரனேற்றரை இறக்கிவிட்டால் கை போக இடம் கிடைக்கும். பம்பைப் பிடித்திருப்பது மூன்று போல்ட், இரண்டு நட்டு. அவை விட்ட பிறகும் பம்ப் ஒட்டிக்கொண்டு நிற்கும். ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும், ஸ்குரூ ட்ரைவரைச் செருகி நெம்பினால் அலுமினிய முகத்தில் கீறல் விழும், புதுப் பம்ப் போட்டாலும் அந்தக் கீறலால் கசியும். வடித்தெடுத்த தண்ணீரை வாளியில் பிடித்து அப்புறப்படுத்தினோம். இந்தக் காரில் அதில் கூலன்ற் பேருக்குத்தான் இருந்தது. நல்ல கூலன்ற் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், நக்கினால் சாகும்.

பழைய பம்பைக் குப்பையில் போடவில்லை. தண்டை அழுத்திக் கழற்றி மேசையில் பரப்பினோம். இறக்கையின் ஓரங்கள் அரித்து மழுங்கியிருந்தன. கார்பன் வளையத்தில் வட்டமாகக் கீறல்கள், விரல் நகம் சிக்கும் அளவுக்கு. பெயரிங்கில் கிறீஸ் இல்லை, இருந்தது செம்பாட்டு மண் நிறத்தில் துருச்சேறு. கடைசியாக அந்தச் சின்ன ஓட்டை. ஊசியை விட்டால் போகவில்லை. வெள்ளைக் கல் ஒன்று முழுதாக அடைத்திருந்தது.

அது என்னவென்று பார்க்கக் கராஜ் பொடியன் வீட்டுக்குள் போய்த் தேசிக்காய்ப் பாதி ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரு சொட்டு விட்டோம். சின்னச் சின்னக் குமிழ்களாக நுரைத்தது.

மாஸ்ரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். “கல்சியம் காபனேற்று” என்றார். இருபத்தைந்து வருசம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த விசயம். கொஞ்சம் பொறுத்து, “எங்கடை கிணறு நல்ல தண்ணியடா தம்பி, குடிக்கிற தண்ணி. சவர் இல்லை” என்றார்.

சவர் இல்லைதான். தீவுப்பகுதியில் நல்ல தண்ணிக் கிணறு உள்ளவர் அதைப் பெருமையாகச் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நாக்குக்கு நல்ல தண்ணீர் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் ஆகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீர், அது இருப்பது சுண்ணக்கல்லுக்குள். மழைநீர் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கொதிக்க வைத்தால் கரைந்தது திரும்பக் கல்லாகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை அறியாத வீடு இங்கே இல்லை. அதே கேத்தில் வேலையைத்தான் எஞ்சின் நாள் முழுக்கச் செய்கிறது. இதில் சவர்த் தண்ணீரும் சேர்ந்தால் குளோரைட்டு அலுமினியத்தைப் பொத்தல் போடும். படிவு ஒரு பக்கம், அரிப்பு மறுபக்கம்.

நடந்ததை ஒழுங்காக அடுக்கினால் இப்படித்தான் வருகிறது. கூலன்ற் தீர்ந்ததும் சீலுக்கு வழுவழுப்புக் குறைந்தது, படிவுத் துகள்கள் வளையங்களுக்கு இடையில் போய்க் கீறின. சீல் மெல்லக் கசிந்தது. கசிந்த ஒவ்வொரு சொட்டும் அந்த ஓட்டையில் காய்ந்து கொஞ்சம் சுண்ணாம்பை விட்டுப் போனது. ஓட்டை அடைபட்டது. போக வழியில்லாத தண்ணீர் பெயரிங்குக்குள் போய்க் கிறீஸைக் கழுவி, தண்டு வழியாக வெளியே வந்து, புல்லியில் பட்டு வீசப்பட்டது. ஓட்டை அடைபடாமல் இருந்திருந்தால் வாசலில் சொட்டு விழுந்திருக்கும், பெயரிங் கெடுவதற்கு முன்னரே மாஸ்ரர் கண்டிருப்பார்.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்துக்கு இங்கே ஒரு பரம்பரை உண்டு. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஓடிய ஊர் இது. அந்தக் கார்களின் எஞ்சின் வார்ப்பிரும்பு, றேடியேற்றர் பித்தளையும் செம்பும். தண்ணீர் எதுவானாலும் பொறுத்துக்கொள்ளும், அடைத்தால் றேடியேற்றரைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தி, ஈயம் பற்றவைத்துத் திரும்பப் பூட்டலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலேயே காரை ஓட்டியவர்களுக்குக் கூலன்ற் பற்றி வகுப்பெடுக்க யாருக்கும் வாய் வராது. ஆனால் 1என்இசட் எஞ்சின் முழு அலுமினியம், றேடியேற்றரும் அலுமினியம், தொட்டி பிளாஸ்ரிக். பழைய காரின் வைத்தியம் இதற்கு நஞ்சு.

இன்னொரு விசயம் பலருக்குத் தெரியாது, கூலன்ற் வாங்குகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஜப்பான் கார்களுக்கான சிவப்பு, றோஸ் கூலன்ற்களில் அரிப்பைத் தடுக்கப் பொசுபேற்று சேர்த்திருக்கிறார்கள், சிலிக்கேற்றைத் தவிர்க்கிறார்கள். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் மறுவளம், தங்கள் ஊர்க் கடின நீருக்குப் பயந்து பொசுபேற்றைத் தவிர்ப்பார்கள். காரணம், பொசுபேற்று கல்சியத்தைக் கண்டால் சேர்ந்து படிந்துவிடும். ஆகவே நல்ல சிவப்புக் கூலன்ற்றைக் காசு கொடுத்து வாங்கி அதில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர் கலந்தால், அரிப்பைத் தடுக்கும் மருந்து முறிந்துபோகிறது, படிவும் கூடுகிறது. கலந்தே வரும் கூலன்ற்றை வாங்குங்கள். செறிவானதை வாங்கினால் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரைக் கலவுங்கள். அவசரத்துக்கு ஆர்ஓ வடிகட்டித் தண்ணீர் பரவாயில்லை. விலையைக் கேட்டு முகம் சுழிப்பவர்களிடம் நான் அதிகம் வாதாடுவதில்லை, அந்தப் பம்பை மேசையில் வைத்துக் காட்டுவேன்.

புதுப் பம்புக்கு ஸ்ரான்லி வீதியில் விசாரித்தோம். மூன்று வகை கிடைக்கும். ரொயோட்டாவின் சொந்தப் பெயரில் வரும் ஜெனுயின், ரொயோட்டாவுக்குப் பம்ப் செய்து கொடுக்கும் அய்சின் போன்ற ஜப்பான் நிறுவனங்களின் பெட்டி, மற்றது பெயர் தெரியாத மலிவுப் பெட்டி. நான்காவதாக, ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சினில் கழற்றிய பம்பையும் தருவார்கள். அல்ரனேற்றர், ஸ்ராட்டர் என்றால் அப்படி வாங்கலாம், பம்பை வாங்கக் கூடாது. காய்ந்து கிடந்த சீல் தண்ணீரைக் கண்டதும் என்ன செய்யும் என்பது யாருக்கும் தெரியாது. மாஸ்ரர் அய்சின் எடுத்தார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள், திறந்த பிறகும் புதிய கார் எல்லாருக்கும் எட்டும் விலையில் இல்லை. இருபது வயதுக் காரை இன்னும் பத்து வருசம் ஓட்டப் போகிறவர் மலிவுப் பெட்டியைத் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெட்டியை மட்டும் நம்பாமல் பம்பைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும், போலிகளும் நல்ல பெட்டியில்தான் வருகின்றன. இறக்கையின் உயரத்தையும் பழையதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டும்போது முகத்தைச் சுத்தம் செய்வதில்தான் நேரம் போகும். பழைய கஸ்கெற்றைப் பிளாஸ்ரிக் தகட்டால் சுரண்டி எடுத்தோம். கிறைண்டர் தட்டை வைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு, அலுமினியம் குழிந்துவிடும். புதுக் கஸ்கெற்றைக் காய்ந்தபடியே வைத்தோம். பயத்தில் சிலிக்கனை அள்ளிப் பூசினால், உள்ளே பிதுங்கியது பின்னர் உடைந்து றேடியேற்றரின் மெல்லிய குழாயில் போய் நிற்கும். போல்ட்களுக்கு 11 நியூட்டன் மீற்றர்தான், ரோர்க் றெஞ்சில் வைத்தால் இவ்வளவு குறைவா என்று தோன்றும். கைப்பலத்தைக் காட்டிப் புரி உருவிய அலுமினியத் துளைகளைத் திருத்துவது தனித் தொழிலாகவே நடக்கிறது.

தேர்மோஸ்ராற்றைத் திரும்பப் போட வேண்டும் என்றதும் மாஸ்ரருக்குச் சந்தேகம். “அதைக் கழட்டினால் தண்ணி கூட ஓடுமெண்டல்லோ சொன்னவை?”

இந்த எஞ்சினில் அப்படி நடக்காது. தேர்மோஸ்ராற்றின் பின்பக்கத்தில் இன்னொரு சின்ன வால்வு இருக்கிறது. எஞ்சின் சூடானதும் முன்வால்வு றேடியேற்றர் வழியைத் திறக்கும், அதே அசைவில் பின்வால்வு குறுக்குவழியை அடைக்கும். முழுதாகக் கழற்றி எறிந்தால் குறுக்குவழி எப்போதும் திறந்தே இருக்கும். தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிப் போகும். காலையில் எஞ்சின் சூடாக நேரம் எடுப்பதால் பெற்றோல் கூடக் குடிக்கும், ஏ9இல் பாரத்தோடு ஓடும்போது ஆறவேண்டிய தண்ணீர் ஆறாது. புதியதை வாங்கி, பூட்ட முன்னர் அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலால் தொங்கவிட்டுப் பார்த்தோம். 82 என்று பொறித்திருந்தது, அதற்குக் கிட்டவே வாய் திறந்தது. பூட்டும்போது அதிலுள்ள சின்ன ஆடும் ஊசி மேல்பக்கம் வரவேண்டும், அடைபட்ட காற்று அதனால்தான் வெளியேறும்.

ஆகவே சூடு ஏறியதற்குப் பம்ப் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். தண்ணீர் போனது பம்பால். சூட்டில் பம்பின் மழுங்கிய இறக்கைக்கும், இல்லாமல் போன தேர்மோஸ்ராற்றுக்கும், றேடியேற்றருக்கும் பங்கு உண்டு. றேடியேற்றரின் முகத்தில் வெப்பமானியை நீட்டிப் பார்த்தபோது கீழ் மூலை மற்ற இடங்களைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருந்தது, அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. சித்திரிக் அமிலத்தை மிதமாகக் கலந்து ஓட்டிக் கழுவினோம். பிறகு வடித்த தண்ணீரால் நிறம் தெளியும் வரை அலசினோம். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பழைய றேடியேற்றரில் சில பொத்தல்களைப் படிவுதான் அடைத்துக்கொண்டிருக்கும், கழுவினால் ஒழுகத் தொடங்கும். அதை முதலே சொல்லிச் சம்மதம் வாங்கிவிட வேண்டும். மாஸ்ரரின் றேடியேற்றர் ஒழுகவில்லை, ஆனால் குளிர்ந்த மூலை பாதிதான் திறந்தது.

றோஸ் கூலன்ற் ஆறு லீற்றருக்குக் கிட்டப் பிடித்தது. ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைக் கையால் அமுக்கிவிட்டு, விசிறி ஓரிருதரம் ஓடி நிற்கும் வரை எஞ்சினை ஓட விட்டோம். காற்று அடைபட்டிருந்தால் புதுப் பம்பும் சும்மா சுற்றும், முதல் நாளே சூடேறிப் பம்ப் பிழை என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போவார்கள். ஆறவிட்டு மறுநாள் காலையில் மட்டத்தைப் பார்த்தபோது கொஞ்சம் இறங்கியிருந்தது, நிரப்பினோம். அழுத்தச் சோதனையில் இந்தமுறை முள் அசையவில்லை. அதே செம்மணி ஓட்டத்தில் ஏசியோடு 93க்கு மேல் போகவில்லை. ஊர் ஓட்டத்துக்கு அது நல்ல கணக்கு. வவுனியா, கொழும்பு என்று நீண்ட பயணம் போக முன்னர் றேடியேற்றரை மாற்றிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பென்சன் காசில் செய்கிறார், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். மட்காட்டிலும் பொன்னற்றின் அடியிலும் இருந்த புள்ளிக் கோட்டைத் துடைத்துவிட்டுத்தான் காரைக் கொடுத்தோம். பழைய கோடு கிடந்தால் புதிய கசிவு வந்தாலும் தெரியாது.

வழியில் முள் ஏறினால் என்ன செய்வதென்று அவர் கேட்டதற்கும் பதில் இருக்கட்டும். ஏசியை நிறுத்தி, வியர்த்தாலும் ஹீற்றரை முழுச் சூட்டில் போடுங்கள், அது ஒரு சின்ன றேடியேற்றர்போல் கொஞ்ச வெப்பத்தை வெளியே எடுக்கும். இறங்கவில்லை என்றால் உடனே ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த சந்தி வரை போய்விடலாம் என்ற நினைப்பில்தான் ஹெட் வளைகிறது. மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் நூறு பாகையைத் தாண்டியும் அழுத்தத்தால் கொதிக்காமல் இருக்கும், திறந்த கணமே கொதித்து முகத்துக்கு வரும். எஞ்சினின் மேல் குளிர்தண்ணீர் ஊற்றவும் கூடாது. கையால் ஹோஸைத் தொடக்கூடிய அளவுக்கு ஆறிய பிறகு துணியைப் போட்டு மெல்லத் திறந்து ஊற்றலாம். அந்த நேரத்தில் கிணற்றுத் தண்ணீர்தான் கிடைக்குமென்றால் அதையே ஊற்றுங்கள், எஞ்சின் முக்கியம். வீட்டுக்கு வந்ததும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பினால் போதும்.

ரொயோட்டாவின் ஹைபிரிட் கார்களான அக்வாவும் மூன்றாம் தலைமுறைப் பிரியஸும் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன அடையாளங்களில் பாதி பொருந்தாது. அவற்றில் பம்ப் பெல்ற்றில் ஓடுவதில்லை, மின்மோட்டரில் ஓடுகிறது. ஆட்டிப் பார்க்கப் புல்லி இல்லை, வீசிய புள்ளிக் கோடும் வராது. சத்தமில்லாமல் நின்றுவிடும், எச்சரிக்கை லைற் எரிந்தால் உடனே நிறுத்தி ஸ்கானரில்தான் பார்க்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் விசயம் மட்டும் அவற்றுக்கும் இதேதான்.